மணலில் தூங்கிய பதினேழு

தென்காசியில் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் பட்டாளத்துக்காரர்களாக இருப்பார்கள். அந்த வரிசையில் இப்போது நானும் சேர்ந்திருக்கிறேன். காலையில் நடக்கும்போது எதிர்ப்படும் முன்னாள் ஹவில்தார் ஒருவர், "என்னம்மா, நீங்களும் நம்ம பேட்ச்தானாமே" என்று சிரிப்பார். நான் துப்பாக்கி பிடித்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தது ஓர் ஊசி. கண்ணாடித் தட்டில் வளரும் பூஞ்சையைத் தொட்டு எடுத்து வேறு தட்டுக்கு மாற்றும் ஊசி.

அந்த வேலையை விட்ட காரணம் சுருக்கமானது. பூஞ்சையின் வித்துகள் மூச்சில் கலந்தால் எனக்கு இப்போது இரைப்பு வருகிறது. வளர்ப்பு அறைக்குள் இனி நுழையக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் இடத்துக்கு வந்திருக்கும் பவித்ரா சென்ற வாரம் வந்து, "அக்கா, பதினேழோட கதைய நீங்களே எழுதித் தந்துருங்க. புதுசா வர்றவங்ககிட்ட ஆளுக்கு ஒரு விதமா சொல்லுதாவ" என்றாள். எதையும் வரிசைப்படுத்திச் செய்துதான் எனக்குப் பழக்கம். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எங்கள் இடம். குற்றாலம் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய நுண்ணுயிர் வங்கி. வங்கி என்ற பலகையைப் பார்த்து நகைக்கடன் கேட்டு வந்தவர்கள் உண்டு. எங்களிடம் இருப்பவை மலையடிவாரத்து மண்ணிலிருந்தும் வேர்களிலிருந்தும் பிரித்தெடுத்த நல்ல பூஞ்சைகள், பாக்டீரியாக்கள். கல்லூரியோ, ஆய்வகமோ, விவசாயிகள் குழுவோ, யார் கேட்டாலும் ஒரு குழாயில் வளர்த்து இலவசமாக அனுப்புவோம். வளர்க்கும் முறையும் படங்களும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். வாங்குபவர்களுக்கு இரண்டே நிபந்தனைகள்: பிறர் கேட்டால் அவர்களும் இலவசமாகத் தர வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை அது எப்படி வேலை செய்தது என்று எழுத வேண்டும். இரண்டாவதைச் செய்யாதவர்களை நான் பாக்கிக்காரர்கள் என்று தனியே குறித்து வைத்திருந்தேன்.

நான் சேர்ந்தது பயோடெக்னாலஜி படித்து முடித்த கையோடு. முதல் இரண்டு ஆண்டுகள் கண்ணாடி கழுவினேன், பூஞ்சை வளர்வதற்கான அகார் கூழ் காய்ச்சினேன், குழாய்களுக்குப் பஞ்சு அடைத்தேன். அதில் எழுத அதிகம் இல்லை.

எங்கள் இயக்குநர் டாக்டர் ஜெயமேரி. சுரண்டைப் பக்கம் பிறந்து, பல ஊர்களில் வேலை பார்த்து, இங்கே வந்து இந்த வங்கியைத் தொடங்கியவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "பாத்தியா, கேட்டியா?" நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் அழுத்தம் ஏறிவிட்டது என்றால், "பாத்தியா, கேட்டியா?" தபால்காரர் வரவில்லை என்றாலும் அதேதான். நாங்கள் கேண்டீனில் அவரைப் போலவே பேசிக் காட்டுவோம். "இன்னைக்கு வடை தீர்ந்துட்டாம்." "பாத்தியா, கேட்டியா?" ஒருநாள் அவர் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நான் பாத்துட்டுதான் வாரேன். ரெண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூஞ்சையை மாற்றும் முறையும் அவர் வகுத்ததுதான். தட்டு திறந்திருக்கும்போது மின்விசிறி சுழலக் கூடாது. பேசக் கூடாது. ஊசியைச் சுடரில் காட்டிச் சிவக்க வைத்து, அகாரின் ஓரத்தில் தொட்டு ஆற்றி, பிறகு பூஞ்சையின் வெளி ஓரத்திலிருந்து கடுகளவு எடுக்க வேண்டும். ஓரம்தான் இளமையானது, சுத்தமானது, வேறு எதுவும் கலந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பது அவர் கணக்கு. அவரே கைப்படச் செய்துகாட்டிய வீடியோவை இணையத்தில் போட்டிருந்தோம். எங்கெங்கோ உள்ள கல்லூரிகளிலிருந்து, உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கை திருந்தியது என்று எழுதுவார்கள்.

இனி பதினேழு. குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த மரத்தடி மண்ணில் கிடைத்த டிரைக்கோடெர்மா பூஞ்சை. எங்கள் வரிசையில் பதினேழாவது எண். பச்சை வித்துகளாகப் பூத்துக் குவியும். சின்ன வெங்காயத்தின் அடியை அழுகவைக்கும் நோய்ப் பூஞ்சையை இது மேலேறிப் படர்ந்து தின்றுவிடும். சுரண்டை வட்டாரத்து விவசாயிகள் குழு எங்களிடம் ஒரு குழாய் வாங்கி, குருணை அரிசியை வேகவைத்து அதில் பெருக்கி, ஊன்றுவதற்கு முன் வெங்காயத்தை அதில் நனைத்து எடுப்பார்கள். எங்களிடமிருந்து அதிகம் வெளியே போனதும் பதினேழுதான். அதைச் சொல்லும்போது எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஒரு சாரல் மாதத்துக் காலையில் அந்தக் குழுவின் தலைவர் செல்லத்துரை அண்ணாச்சி ஒரு சாக்கோடு வந்தார். சாக்கை அவிழ்த்து வரவேற்பு மேசையில் கொட்டினார். அத்தனையும் அழுகிய வெங்காயம்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றேன்.

"உக்கார வரல தாயி. மோந்து பாருங்க."

மோந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நாற்றம் மாடி வரை ஏறி, ஜெயமேரி மேடம் தானாகவே இறங்கி வந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து அங்கேயே கத்தியால் பிளந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தன பேரு காட்டுல அண்ணாச்சி?"

"குழுவுல இருக்க எல்லார் காட்டுலயுந்தான். போன வருசமே லேசா இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சும்மா குடுக்குதவங்கள எப்பிடிம்மா கொற சொல்லுதது? கூச்சமா இருந்துச்சு."

"கொற சொல்லணும்னுதான் அண்ணாச்சி சும்மா குடுக்குதோம்" என்றார் மேடம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அடுத்த நடவு வருகிறது, அதற்குள் ஒரு வழி சொல்லாவிட்டால் பழையபடி கடையில் விஷத்தை வாங்கி ஊற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி சாக்கை மட்டும் உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனார். வெங்காயத்தை எங்களிடமே விட்டுவிட்டார்.

இது போதாதென்று இன்னொன்று. அறக்கட்டளையின் தலைவர், தென்காசியில் நல்ல பெயருள்ள வியாபாரி, வங்கியின் சேகரிப்பு முழுவதையும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கும் யோசனையில் இருந்தார். அவர்கள் கட்டடம் கட்டித் தருவார்கள், சம்பளம் தருவார்கள். ஒரே நிபந்தனை, வெளியே யாருக்கும் ஒரு குழாய்கூடத் தரக் கூடாது. மேடம் எதிர்த்து நின்றதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி பதினேழு. இலவசமாகக் கொடுத்தும் ஒரு பொருள் ஊரைக் காப்பாற்றும் என்பதற்கு அதைத்தான் காட்டிவந்தார். நடவுக்குச் சற்று முன்னால் அறக்கட்டளைக் கூட்டம். அதற்குள் பதினேழு எழுந்து நிற்காவிட்டால் வங்கியின் கதவு மூடப்படும்.

நான் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு பூஞ்சை கலந்திருக்கிறதா? இல்லை. வளர்ச்சி குறைந்திருக்கிறதா? குறையவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. அதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தும் இருந்தோம். பிறகு ஒரு தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன். நடுவில் வெளிர் பச்சை. ஒரு பக்கம் மட்டும் விசிறி விரித்தது போல வெள்ளை. அந்த விசிறிதான் மற்ற பக்கங்களைவிட முந்திக்கொண்டு ஓடி, தட்டின் விளிம்பைத் தொட்டிருந்தது.

ஒரே தட்டில் மூன்று இடங்களில் எடுத்துத் தனித்தனியே வளர்த்தேன்: நடுப்பகுதி, ஓரம், வெள்ளை விசிறி. ஓரமும் விசிறியும் ஒன்றுபோலவே பஞ்சாக வளர்ந்தன. வித்தே இல்லை. நடுப்பகுதி கொஞ்சம் பச்சை காட்டிவிட்டு நின்றுவிட்டது. நோய்ப் பூஞ்சையை எதிரே வைத்தபோது மூன்றில் எதுவும் அதன் மேல் ஏறவில்லை.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. வித்து உண்டாக்கும் வேலையை விட்டுவிட்டு ஓடுவதற்கு மட்டும் தெரிந்த சோம்பேறிப் பூஞ்சை, எப்போதும் ஓரத்தில்தான் முன்னால் நிற்கும். ஓரத்திலிருந்தே எடுக்கும் நாங்கள் ஒவ்வொரு முறையும் அதையே பொறுக்கி எடுத்திருக்கிறோம். டீப் ஃப்ரீசரில் வைத்திருந்த இருப்பும் உதவவில்லை. ஃப்ரீசர் வாங்குவதற்கு முன்பே பல ஆண்டுகள் ஓரத்தில் எடுத்தாகிவிட்டது. முதலில் மண் எடுத்த மரத்தடியில் இப்போது கார் நிறுத்தும் இடம். மொத்தமும் சிமெண்ட் தளம்.

தட்டுகளை மேடத்தின் மேசையில் வரிசையாக வைத்தேன். நான்கைந்து பேர் நின்றிருந்தோம். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். முதல் தட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

"ஓரத்துல எடுக்கச் சொன்னது யாரு?"

ஒருத்தி தட்டுகளின் மூடிகளைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"சொல்லுங்கட்டி."

"நீங்கதான் மேடம்" என்றேன்.

"வீடியோலயும் இருக்கா?"

"இருக்கு மேடம். நீங்களே எடுத்துக் காட்டுதீங்க."

"நமக்கிட்ட வாங்குன எல்லாரும் அதத்தான் பாத்திருப்பாவ." அது கேள்வியாகவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "வீடியோவ எடுக்காத. அது மேலயே எழுது. இந்த முறை தப்பு, சொன்னது ஜெயமேரி, இதனால பதினேழு கெட்டுப்போச்சு. அப்புறம் கீழ கேளு, யார்கிட்டயாவது நல்ல பதினேழு இருந்தா திருப்பித் தாங்கன்னு."

"கூட்டம் முடிஞ்சப்புறம் போடலாமே மேடம்?"

"கூட்டத்துக்கு முன்னால ஒருத்தன் வெங்காயத்த ஊனிட்டான்னா?"

அன்று பிற்பகலே போட்டோம். மாலையில் அறக்கட்டளைத் தலைவரின் தொலைபேசி வந்தது. மேடம் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊரெல்லாம் தெரியும்படி எதுக்கும்மா போட்டிய? கம்பெனிக்காரன் பாத்தா ஓடிருவாம்லா?"

"ஓடுனா ஓடட்டும் அண்ணாச்சி."

"உங்களுக்குச் சொல்ல லேசா இருக்கு. சம்பளம் போடுதவன் நான். கூட்டத்துல தீர்மானம் கொண்டுவரப் போறேன். இனி எலவசம் கெடையாது. மிச்சம் இருக்கதையாவது அவங்ககிட்ட குடுத்துப் பூட்டி வைப்போம்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் கைக்காசைப் போட்டு எங்களைப் பல ஆண்டுகள் நடத்தியவர். கெட்டுப்போனதைக் கண்டு பயந்திருந்தார். பயம் எனக்கும் இருந்தது.

அடுத்த வாரங்களில் பார்சல்கள் வரத் தொடங்கின. கேட்டதும் அனுப்பினார்கள், ஒருவர்கூட மறுக்கவில்லை. சிலர் குழாயோடு நெல்லிக்காய், அச்சு முறுக்கு என்று கையில் கிடைத்ததையும் வைத்து அனுப்பினார்கள். குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டில் ஏற்றினேன். ஒவ்வொன்றும் பஞ்சு வெள்ளையாக வந்தது. எங்கள் முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்கள் அவர்கள். தேதி தவறாமல் மாற்றி, ஓரத்திலேயே எடுத்து, எங்களைப் போலவே இழந்திருந்தார்கள். முறுக்கை மட்டும் சாப்பிட்டோம்.

அனுப்பியவர்களின் பெயர்களை எல்லாம் அடித்து முடித்தபோது மிஞ்சியது பாக்கிக்காரர்கள் மட்டும். ஆண்டு அறிக்கையே அனுப்பாதவர்கள், பூஞ்சையையா வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் தொலைபேசியை எடுத்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், குழாயை எப்போதோ கழுவிவிட்டதாகச் சொன்னார். அடுத்தவர் செங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர், முருகையா சார். வங்கி தொடங்கிய புதிதிலேயே குழாய் வாங்கியவர். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, ரிப்போர்ட் அனுப்பாதது தப்புதான். காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷன், அப்புறம் பரீட்சை..."

"ரிப்போர்ட் வேண்டாம் சார். அந்த ட்யூப் இருக்கா?"

"ட்யூப்பா?" அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. "இருக்கு. ஆனா நீங்க சொன்ன மாதிரி வைக்கல. நீங்க ஏசக் கூடாது."

"ஏசல சார். எப்பிடி வச்சிருக்கீங்க?"

"மணல்ல."

"மணல்லயா?"

"எங்க டிபார்ட்மெண்டுக்கு ஃப்ரிட்ஜ் கெடையாது. இருக்க ஒண்ணும் பிரின்சிபால் ரூம்ல கெடக்கு, அதுல பால் பாக்கெட்டு வைப்பாவ. பூஞ்சய வச்சா டீ குடிக்கவன் என்னைய சும்மா விடுவானா? அதான் சிற்றாத்து மணல கழுவி, சுட்டு, வந்த வருசமே வித்த அதுல கலந்து, காயவச்சு மெழுகு ஊத்தி அலமாரில போட்டுட்டேன். அதுக்கப்புறம் தொறக்கல. மாத்தவும் இல்ல. அதுவும் தப்புதான்."

மாற்றவே இல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாள் சாரலில் நனைந்துகொண்டே பைக்கில் அவரே வந்தார். இரண்டு அடுக்கு டிபன் கேரியர். கீழ் அடுக்கில் மதியச் சாப்பாடு. மேல் அடுக்கில், பஞ்சு சுற்றி, பதினேழு.

குழாயை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுண்டுவிரல் அளவு கண்ணாடி. அதில் பாதிக்கு மணல். மேடம் என்னைப் பார்த்து, "நீயே தொற" என்றார். மின்விசிறியை நிறுத்தினோம். மெழுகைச் சுரண்டினேன். குழாயின் வாயைச் சுடரில் காட்டி, ஒரு சிட்டிகை மணலை ஈரமான அகார் மேல் தூவினேன். மீதியை அப்படியே மூடி, மறுபடி மெழுகு வைத்தோம். முருகையா சார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போலக் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

முதலில் ஒவ்வொரு மணலைச் சுற்றியும் வெள்ளை நூல்கள் கிளம்பின. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அந்த நிறத்தின் மேலேயே வெறுப்பு வந்திருந்தது. நம்முடையதைவிட மெதுவாக வளர்கிறது என்று மேடத்திடம் சொன்னேன்.

"மெதுவா வருதா? நல்லது" என்றார். "இருந்து பாரு."

அதற்கு அடுத்த காலையில் தட்டைத் திறக்காமலே தெரிந்தது. பச்சை. நடுவில் அடர்ந்து, வளையம் வளையமாக வெளியே விரிந்த, மழைக்குப் பிறகு மலை காட்டும் அந்தப் பச்சை. நான் மாடிப்படிகளில் ஓடினேன். "மேடம், பதினேழு வந்துட்டு."

"பாத்தியா, கேட்டியா?"

"பாத்தேன் மேடம்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடாமலே இறங்கி வந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். தொட்டிகளில் நோய்ப் பூஞ்சை கலந்த மண்ணை நிரப்பி மூன்று வரிசையாக வெங்காயம் ஊன்றினோம். முதல் வரிசைக்கு எதுவும் இல்லை. இரண்டாவதற்கு எங்களுடைய வெள்ளைப் பதினேழு. மூன்றாவதற்கு மணலிலிருந்து வந்தது. கூட்டத்தன்று அறிக்கை எதுவும் படிக்கப்படவில்லை. மேடம் எல்லோரையும் கொல்லைக்கு அழைத்துப்போனார். செல்லத்துரை அண்ணாச்சியும் முருகையா சாரும் வந்திருந்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

முதல் வரிசையில் இழுத்ததும் தாள் மட்டும் கையோடு வந்தது. அடி அழுகி மண்ணிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது வரிசையிலும் அதே கதை. மூன்றாவதை இழுத்தார்.

"வர மாட்டேங்குதே."

"அங்கன நல்லா அடியில பிடிச்சு இழுங்க" என்றார் செல்லத்துரை அண்ணாச்சி.

வேர் முழுவதும் வெள்ளை நரையாகத் தொங்க, மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. தலைவர் அதைத் தட்டி, தோலைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னும் இரண்டு பிடுங்கினார்.

"சரி. வந்துட்டு. இனிமேயாவது இத நல்லாப் பூட்டி வைக்கணும்லா."

"நம்ம பூட்டி வச்சிருந்ததுதான் அண்ணாச்சி செத்துச்சு" என்றார் மேடம். "வெளிய குடுத்ததுல ஒண்ணு பொழச்சுக் கெடந்துச்சு. யாருக்கும் குடுக்காம இருந்தா இன்னைக்கு எங்கன போய்க் கேப்போம்?"

தலைவர் கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பிப் பார்த்தார். முருகையா சாரைப் பார்த்து, "மணல்ல வைக்கணும்னு உங்களுக்கு எப்பிடி சார் தோணுச்சு?" என்று கேட்டார்.

"பழைய முறைதான் சார். ஃப்ரிட்ஜ்ல எடம் இருந்திருந்தா நானும் இவங்க சொன்ன மாதிரிதான் வச்சிருப்பேன்."

செல்லத்துரை அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். தலைவர் கையில் இருந்த வெங்காயங்களைக் கீழே போட மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தீர்மானத்த நானே வாபஸ் வாங்கிக்கிடுதேன். டீ சொல்லுங்கம்மா" என்றார். வங்கியின் கதவு அன்று அப்படித்தான் திறந்தபடி நின்றது. கம்பெனியிலிருந்து பிறகும் ஒருமுறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பதினேழு வேண்டுமென்றால் எல்லோரையும் போலக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தலைவரே பதில் எழுதினார்.

முறைகளை மாற்றினோம். இப்போது நடுவிலிருந்து, வித்தை மட்டும் எடுக்கிறோம். வளரும் வேகத்தை மட்டுமல்லாமல் வித்தின் பச்சையையும் சோதிக்கிறோம். வாங்குபவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. அதை எழுதியது மேடம். இரண்டு குழாய் அனுப்புவோம். ஒன்றை நாங்கள் சொல்லும் முறையில் வைக்க வேண்டும். இன்னொன்றை நாங்கள் சொல்லாத, அவரவருக்குத் தோன்றும் முறையில் வைத்து, எப்படி வைத்தோம் என்று எழுத வேண்டும். நாங்கள் மறுபடியும் தப்பாகச் சொல்லலாம், அப்போது எல்லோரும் ஒன்றாகக் கெட்டுப்போகக் கூடாது. பாக்கிக்காரர்கள் என்று நான் வைத்திருந்த தனி வரிசையையும் அழித்துவிட்டேன்.

அறுவடை முடிந்து செல்லத்துரை அண்ணாச்சி மறுபடி சாக்கோடு வந்தார். அதே மேசையில் கொட்டினார். காய்ந்த தோல் சரசரக்க வெங்காயங்கள் உருண்டு ஓடின. மேடம் இறங்கி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, கொற சொல்ல வந்தியளா?"

"ஆமா. சொல்லச் சொன்னியள்லா." ஒரு வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்து நீட்டினார். "இந்தா, இது ஒண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கு."

எனக்கு இரைப்பு தொடங்கியதும் அந்தப் பச்சை திரும்பிய பிறகுதான். ஊர் ஊராக அனுப்புவதற்காகத் தட்டுக்கணக்கில் வளர்த்தோம். வித்துகள் காற்றில் நிறைந்தன. முதலில் சாரல் குளிர் என்று நினைத்தேன். வெள்ளையாகவே இருந்திருந்தால் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருப்பேன். அதற்காக வருத்தம் உண்டா என்று பவித்ரா கேட்டாள். யோசித்துத்தான் சொன்னேன், இல்லை.

இப்போது கடிதப் போக்குவரத்தைப் பார்க்க வாரத்தில் சில நாட்கள் போகிறேன். வளர்ப்பு அறைக்கு வெளியே, கண்ணாடிச் சுவரை ஒட்டி எனக்கு ஒரு மேசை. நேற்று பவித்ரா ஒரு தட்டைத் திறந்து ஊசியை நீட்டினாள். முனை ஓரத்தின் மேல் போய் நின்றது. அவள் தலை நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் என் உள்ளங்கையை விரித்து, அதன் நடுவில் விரலால் தொட்டுக் காட்டினேன். ஊசி நடுவுக்கு நகர்ந்து, பச்சையைத் தொட்டு எடுத்தது. மூடியை மூடிவிட்டுத் தட்டைக் கண்ணாடியோடு சேர்த்து எனக்கு நேராகப் பிடித்தாள்.

எனக்குப் பின்னால் வந்து நின்ற மேடம் கேட்டார், "நல்லா இருக்காமா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மேடம்" என்றேன்.